சொட்டு மருந்தும் சம்பந்தியம்மாவும்

லிஃப்ட் வேலை பார்க்கிறவர்கள் மத்தியில் உச்சாணி என்றால் தெரியாத ஆள் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. இருபது மாடிக் கட்டடமானாலும் சரி, லிஃப்ட் ஓடும் குழிக்குள் இரும்புச் சட்டத்தின் மேல் குந்தி உட்கார்ந்து, வாயில் திருப்புளியைக் கவ்விக்கொண்டு, கால்களுக்குக் கீழே கிடக்கும் இருட்டைப் பார்த்தபடி ஏதாவது மெட்டை முனகிக்கொண்டிருப்பார். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் யாராவது, "உங்களுக்குப் பயமே இல்லையாண்ணே?" என்று கேட்டால், "பயமா? அது எந்த மாடியில இருக்கு?" என்பார்.

ஆனால் அவருக்கும் ஒரு பயம் இருந்தது. கண்ணுக்குப் பக்கத்தில் எதுவும் வரக்கூடாது. கண்ணில் தூசி விழுந்தால், ஊதிவிடுகிறேன் என்று மனைவி கிட்டே வந்தாலே பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொள்வார். கண்ணில் மருந்து விடுவது என்ற பேச்சைக் கேட்டாலே உள்ளங்கை ஜில்லிட்டுப்போகும். இது அவர் மனைவிக்கு மட்டும் தெரிந்த பரம ரகசியம்.

இந்த லட்சணத்தில் கம்பெனிக்காரர்கள் கண் பரிசோதனைக்குப் போகச் சொன்னால் எப்படிப் போவார்? ஒருமுறை வயிற்றுவலி என்றார். அடுத்த முறை, இல்லாத பெரியப்பா ஒருவரைப் படுத்த படுக்கையாக்கினார். இதற்கிடையில் பத்திரிகையைத் தள்ளித் தள்ளிப் பிடித்துக் கை முழுதாக நீண்டுவிட்டது. "இன்னும் ஒரு சாண் கை நீளமா இருந்திருந்தா கண்ணாடியே வேண்டாம்" என்று சமாளித்தார். கடைசியில் மேற்பார்வையாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: "டாக்டர் சீட்டு இல்லாம இனிமே குழிக்குள்ள இறங்கக் கூடாதுண்ணே. நான் சொல்லலை, ரூல் சொல்லுது."

பரிசோதனைக்கு நாள் குறித்த அன்று காலையில்தான் அவருடைய மகளுக்கும் ஆஸ்பத்திரியில் செக்கப் இருந்தது. நிறைமாதம். ராத்திரியெல்லாம் முதுகு வலிக்கிறது என்று பக்கத்துத் தெருவிலிருந்து போன் செய்திருந்தாள். மருமகனும் அவளுடைய அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவளைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. கிளம்புகிற அவசரத்திலும் உச்சாணியின் மனைவி வாசலில் நின்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"செக்கப் சாயங்காலம்னு மாத்திக்கிட்டு நான் உங்க கூட வரட்டுமா? கையைப் புடிச்சுக்கிறேன்."

"நான் என்ன பால்குடிக்கிற புள்ளையா? நீ போய் நம்ம புள்ளையைப் பாரு."

மருமகனின் அம்மா, அதாவது சம்பந்தியம்மா, அன்றைக்கு எங்கே போகிறார் என்று அவரும் கேட்கவில்லை, மனைவியும் சொல்லவில்லை. கேட்கும்படியான உறவு முறை இரண்டு வருஷமாக இல்லை. கல்யாணத்தன்று ஆரம்பித்த பிணக்கு அது. மண்டபத்து லிஃப்ட்டை முந்தின நாளே உச்சாணி தன் கையாலேயே பிரித்து மாட்டி, "ராஜா மாதிரி ஓடும்" என்று எல்லோரிடமும் பெருமையடித்திருந்தார். மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் திபுதிபுவென்று ஏறிய வேகத்தில் அந்த ராஜா இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே சம்பந்தியம்மா. வெளியே போட்டோ எடுப்பவர், "மாப்பிள்ளையோட அம்மா எங்கே?" என்று கூவிக்கொண்டிருந்தார். ஒருவழியாகக் கதவைத் திறந்துவிட்ட உச்சாணி, வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்த அந்த அம்மாள் முகத்துக்கு நேராக, "லோடு ஜாஸ்தி" என்றார்.

அவர் சொன்னது எட்டுப் பேர் ஏறவேண்டிய இடத்தில் பன்னிரண்டு பேர் ஏறியதை. ஆனால் சம்பந்தியம்மா கொஞ்சம் வாட்டசாட்டமானவர். கேட்டுக்கொண்டிருந்த யாரோ களுக்கென்று சிரித்தும் தொலைத்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது. அதன்பிறகு எல்லாம் பிள்ளைகள் வழியாகத்தான்: "உங்க மாமாகிட்ட சொல்லு", "உங்க அத்தைகிட்ட சொல்லு."

கண் ஆஸ்பத்திரியில் உச்சாணி முதல் கட்டத்தை ஒருமாதிரி கடந்தார். எழுத்துப் பலகையில் கீழ் வரிசையைக்கூடச் சரியாகப் படித்தார்; தூரத்துப் பார்வையில் குறை இல்லை. பிறகு நர்ஸம்மா சின்னக் குப்பியோடு வந்தாள். முப்பது வயதிருக்கும். நாளெல்லாம் நூறு கண்ணைப் பார்த்துப் பழகிய வேகம்.

"மேல பாருங்க சார். கண்ணு பாப்பா விரியறதுக்கு மருந்து. கொஞ்சம் எரியும், அவ்வளவுதான்."

உச்சாணி மேலே பார்த்தார். கூரையில் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் நாலு திருகாணிகளில் ஒன்று தளர்ந்திருக்கிறது என்று கவனித்துக்கொண்டிருந்தபோதே ஒரு சொட்டு விழுந்துவிட்டது. இன்னொரு கண்ணிலும். நாற்காலியின் கைப்பிடி முறியாதது அதிசயம்.

"முடிஞ்சுதா?" என்றார், குரல் நடுங்காமல்.

"இது முதல் தடவை. இன்னும் ரெண்டு தடவை போடணும். உள்ள பெஞ்சுல கண்ணை மூடி உட்காருங்க. போனை சைலன்ட்ல வைங்க சார்."

இன்னும் இரண்டு தடவை! அரையிருட்டான அந்த உள்ளறையில், சுவரோரமாக நீண்ட பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் இருப்பதெல்லாம் மெல்ல மெல்லக் கரைய ஆரம்பித்தது. தன் கைரேகையே தெரியவில்லை. போனை எடுத்துப் பார்த்தால் ஒளி மட்டும் தெரிந்தது, எழுத்து ஒன்றும் தெரியவில்லை. தட்டித் தடவிச் சத்தத்தை அடைத்துப் பையில் போட்டார்.

அப்போது கதவோரம் ஒரு குரல் கேட்டது.

"போதும்மா, போதும்! கண்ணு என்ன கிணறா, இவ்வளவு ஊத்துறே?"

உச்சாணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் குரலை ஆயிரம் பேர் நடுவிலும் கண்டுபிடித்துவிடலாம். ஆயத்த ஆடை ஆலையில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் வேலை. நூறு தையல் மெஷின் ஓடும் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி உரம் ஏறிய குரல். சம்பந்தியம்மாவேதான். எழுந்து ஓடலாம் என்று பார்த்தால் கதவு அந்தப் பக்கம் இருந்தது. கர்ச்சீப்பை முகத்தில் போர்த்திக்கொண்டு பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தார்.

விதி என்று ஒன்று இருக்கிறதே. சம்பந்தியம்மா கையால் துழாவிக்கொண்டே வந்து, மிகச் சரியாக அவர் பக்கத்திலேயே பொத்தென்று உட்கார்ந்தார்.

"உங்களுக்கும் போட்டாச்சா?" என்று கேட்டார், சகபயணியிடம் கேட்பதுபோல.

உச்சாணி இருமினார்.

"எனக்கு எரிச்சல் பொறுத்துக்கலாம். துணியில கோடு ரெண்டு ரெண்டாத் தெரியுதேன்னுதான் வந்தேன். வெட்டற கத்திக்கு ரெண்டு கோடு காட்டினா எதை வெட்டும் சொல்லுங்க?"

உச்சாணி மறுபடி இருமினார்.

"நெஞ்சுச் சளி போல இருக்கே. மிளகு போட்டுப் பால் குடிங்க."

இப்படி இருமியே காலத்தை ஓட்டிவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கையில் நர்ஸம்மா இரண்டாம் தடவைக்கு வந்துவிட்டாள். கர்ச்சீப்பை எடுக்கச் சொன்னாள். இமையை விரலால் இழுத்துப் பிடித்தாள். குப்பியின் நுனி பெரிதாகிப் பெரிதாகி, கண்ணுக்குள்ளேயே இறங்குவதுபோல வந்தது. சொட்டு விழுந்தது. "சமத்து" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்தவரைப் பார்க்கத் திரும்பினாள்.

அந்தக் கணத்தில்தான் உச்சாணிக்கு ஒரு கொட்டாவி வந்தது. தொடர்ந்து இன்னொன்று. முதுகில் குபுகுபுவென்று வியர்த்தது, ஆனால் உடம்பு குளிர்ந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காதுக்குள் கொய்யென்று ஒரு சத்தம். அதிகம் பேர் ஏறிவிட்டால் லிஃப்ட் போடுமே, அதே சத்தம். நாற்பது வருஷமாக அந்தச் சத்தம் கேட்டால் அவர் வாயில் தானாக வரும் சொற்கள் இப்போதும் வந்தன.

"லோடு ஜாஸ்தி... ஒருத்தர் எறங்குங்க..."

சொல்லிவிட்டு, வெட்டிய வாழைபோலச் சம்பந்தியம்மாவின் தோளில் சாய்ந்தார்.

மீண்டும் நினைவு வந்தபோது அவர் பெஞ்சில் நீட்டிப் படுத்திருந்தார். சட்டையின் மேல் பட்டன்கள் கழற்றப்பட்டிருந்தன. யாரோ அட்டையால் விசிறினார்கள். கால்கள் மட்டும் எங்கோ உயரத்தில், மெத்தென்று ஒரு இடத்தில் இருந்தன.

"எழுந்திரிக்காதீங்க சார், அப்படியே இருங்க" என்றாள் நர்ஸம்மா, மணிக்கட்டில் நாடி பார்த்துக்கொண்டே. "இப்ப பரவாயில்ல. ரத்தம் தலைக்குத் திரும்பட்டும்."

"காலு எங்க இருக்கு?" என்றார் உச்சாணி பலவீனமாக.

"என் மடியில" என்றது அந்தக் குரல். "ஆடாம அசையாம இருங்க சம்பந்தி."

உச்சாணி இன்னொரு முறை மயங்கிவிட முயன்றார். முடியவில்லை. சம்பந்தியம்மாவின் மடியில் தன் கால்கள்! இழுத்துக்கொள்ளப் பார்த்தார். கணுக்காலை இறுக்கிப் பிடித்திருந்த கை விடவில்லை.

"ஐயோ, என்னங்க இது, என் காலைப் போய்..."

"சும்மா கிடங்க. எங்க ஆலையில வெயில் காலத்துல வாரத்துக்கு ஒரு பொண்ணு இப்படித்தான் விழும். காலைத் தூக்கி வைக்கிறது எனக்குப் பழக்கம். ஆனா விழும்போதும் என்னைத் திட்டிக்கிட்டே விழுந்த மனுஷன் நீங்க ஒருத்தர்தான்."

"திட்டினேனா?"

"லோடு ஜாஸ்தி, எறங்குன்னீங்க. அதுல இருந்துதானே யாருன்னு தெரிஞ்சுக்கிட்டேன்!"

பிறகு பெஞ்சு லேசாகக் குலுங்கியது. சம்பந்தியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அடக்க முடியாமல் ஒரு வெடி வெடித்தது. அந்தச் சிரிப்பின் அதிர்வில் உச்சாணியின் கால்கள் மேலும் கீழும் ஆடின. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. படுத்த வாக்கில் சிரித்தால் வயிறு வலிக்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்டுகொண்டார்.

"எட்டுப் பேர் ஏற வேண்டியதுல பன்னெண்டு பேர் ஏறினீங்க சம்பந்தியம்மா. அதைத்தான் சொன்னேன். சத்தியமா உங்களைச் சொல்லலை."

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல வந்தேன். நீங்க பார்த்த பார்வையில வாய் வரலை."

"எனக்கும் மறுநாளே தெரியும், என் மகன் சொல்லிட்டான். அப்புறம் எப்படி இறங்கி வர்றது? கோவம்னு ஏறி உட்கார்ந்தாச்சு, இறங்கப் படி தெரியலை. நீங்களாவது வந்து கதவைத் தட்டுவீங்கன்னு பார்த்தேன்."

நர்ஸம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உறவுக்காரங்களா நீங்க? நல்ல வேளை. சார், இதுக்கு வெட்கப்படாதீங்க. மருந்தோட கோளாறு இல்ல இது. பயந்தா நாடி இறங்கிடும், தலை கிறுகிறுக்கும். சிலருக்கு ஊசி, சிலருக்கு ரத்தம், உங்களுக்குக் கண்ணு. போன வாரம் ஒரு பாக்ஸர் விழுந்தாரு. நாலு பேர் சேர்ந்து தூக்கினோம்."

பாக்ஸர் விழுந்த செய்தி உச்சாணிக்குக் குளுகோஸ் ஏற்றியதுபோல் இருந்தது. தண்ணீர் கொடுத்தார்கள். மெல்ல எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டார்.

அப்போதுதான் சம்பந்தியம்மாவின் பைக்குள் போன் உறுமியது. எடுத்தார். யார் என்று திரையில் படிக்க முடியவில்லை. பச்சைநிறம் எது, சிவப்புநிறம் எது என்று மட்டும் புரிந்தது. பச்சையைத் தேய்த்தார்.

"அம்மா! எத்தனை தடவை கூப்பிடறது? எங்கம்மா போயிட்டே?" மகனின் குரல் பெஞ்சு முழுக்கக் கேட்டது. "மாமாவும் போனை எடுக்க மாட்டேங்கிறாரு. பொண்ணும்மா! பொண்ணு பொறந்திருக்கு! முதுகுவலின்னு நினைச்சது பிரசவ வலியாம். வந்ததும் நேரா உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!"

"பொண்ணா?" என்றார் சம்பந்தியம்மா. நூறு மெஷினுக்கு மேலே கேட்கிற குரல் காற்றாகிப் போயிருந்தது. உச்சாணி போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய்க் கத்தினார்: "மாப்ளே! நான் இங்கதான் இருக்கேன்!"

"மாமா? நீங்க எப்படி அம்மா போன்ல...?"

"வந்து சொல்றேன். முதல்ல போட்டோ அனுப்பு!"

போட்டோ வந்தது. சம்பந்தியம்மா போனைக் கண்ணருகே கொண்டுபோனார். ஒன்றும் தெரியவில்லை. தள்ளிப் பிடித்தார். "உங்க கைதான் நீளம், நீங்க புடிங்க" என்று கொடுத்தார். உச்சாணி கையை முழுதாக நீட்டி, தலையைப் பின்னால் இழுத்துப் பார்த்தார். வெள்ளையும் ரோஜாவுமாக ஏதோ ஒன்று மங்கலாகத் தெரிந்தது.

"நெத்தியைப் பாருங்க சம்பந்தியம்மா. அப்படியே எங்கம்மா நெத்தி."

"நெத்தி எப்படியோ போகட்டும். மூக்கு எங்க வீட்டு மூக்கு. எடுப்பா இருக்கு பாருங்க."

"உங்க வீட்டு மூக்கு இவ்வளவு சின்னதா?"

"பொறந்த உடனே பெருசா இருக்குமா? வளரும் சம்பந்தி!"

நர்ஸம்மா எட்டிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "போட்டோ தலைகீழா இருக்கு. நீங்க நெத்தி மூக்குன்னு சொல்றது எல்லாம் போர்வை. குழந்தை இதோ, இந்த ஓரத்துல இருக்கு." போனைத் திருப்பிக் கையில் வைத்து, ஒவ்வொன்றாகச் சொன்னாள். தலை நிறைய முடி. கண் மூடியிருக்கிறது. வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது, அழப்போகிறாள் போல. ஒரு கை மட்டும் துணிக்கு வெளியே வந்து, விரல்களை விரித்துக்கொண்டிருக்கிறது. இருவரும் கதை கேட்கிற பிள்ளைகளைப்போலத் தலையாட்டிக்கொண்டே கேட்டார்கள். அறையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த மற்ற நோயாளிகளும் கேட்டார்கள். யாரோ ஒருவர் இருட்டிலிருந்து, "வாழ்த்துகள்" என்றார்.

உடனே கிளம்ப எழுந்த உச்சாணியை நர்ஸம்மா விடவில்லை. "மூணாவது சொட்டு பாக்கி இருக்கு சார். டாக்டர் பார்த்தா பத்தே நிமிஷம். இல்லேன்னா இன்னொரு நாள் முதல்ல இருந்து வரணும்."

முதலிலிருந்தா? "போடுங்கம்மா" என்றார். இந்த முறை படுத்தபடியே போட்டுக்கொண்டார். சம்பந்தியம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "பேத்திக்கு என்ன பேர் வைக்கலாம், சொல்லுங்க, சொல்லுங்க" என்று நச்சரித்தார். மூன்றாவது பேரை யோசித்துக்கொண்டிருக்கையில், "முடிஞ்சுது" என்றாள் நர்ஸம்மா. டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, கண் பளிங்காக இருக்கிறது, வயசுக்கேற்ற படிக்கிற கண்ணாடி போதும் என்றார். சம்பந்தியம்மாவுக்கும் அதேதான்; பவர் மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.

வெளியே வந்ததும் வெயில் இருவர் கண்ணிலும் ஈட்டியாகப் பாய்ந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புப் பிளாஸ்டிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்கள். பிரசவ ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்தான். "நீங்க மறுபடி விழுந்தா நான் தூக்க முடியாது, கையைக் குடுங்க" என்று சம்பந்தியம்மா அவருடைய முழங்கையைப் பற்றினார். "படி வந்தா நான் சொல்றேன்" என்றார் உச்சாணி. ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு நடந்தார்கள்.

ஜவுளிக்கடை வாசலில் சம்பந்தியம்மா யார்மீதோ இடித்துவிட்டு, "மன்னிச்சுக்கங்க தம்பி" என்றார். தம்பி பதில் சொல்லவில்லை. சட்டை மாட்டி நிறுத்தியிருந்த பொம்மை அது. உச்சாணி ஒரு பெரிய கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "பிரசவ வார்டு எந்த மாடி?" என்று கேட்டார். காவலாளி அவரையும் அவருடைய கறுப்புக் கண்ணாடியையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"இது பேங்க் சார். இங்க வட்டி மட்டும்தான் பொறக்கும்."

சிரித்துச் சிரித்து நடைபாதையிலேயே நின்றுவிட்டார்கள். காவலாளியே கூட வந்து, இரண்டு கட்டடம் தள்ளியிருந்த ஆஸ்பத்திரி வாசலைக் காட்டிவிட்டுப் போனார்.

வார்டு வராந்தாவில் நின்றிருந்த மருமகன் அவர்களைப் பார்த்ததும் வெளிறிப்போனான். கறுப்புக் கண்ணாடியில் மாமா. கறுப்புக் கண்ணாடியில் அம்மா. அதுவும் கைகோத்துக்கொண்டு! "அம்மா, என்ன ஆச்சு? விபத்தா?" என்று ஓடிவந்தான்.

"விபத்துதான்டா. நல்ல விபத்து. எங்கே என் பேத்தி?"

அறைக்குள் உச்சாணியின் மனைவி கணவனை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். சட்டைப் பட்டன் மாறிப் பூட்டியிருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. "விழுந்தீங்களா?" என்றாள்.

சம்பந்தியம்மா முந்திக்கொண்டார். "சேச்சே! அவர் எங்க விழுந்தாரு? சிங்கம் மாதிரி உட்கார்ந்திருந்தாரு. நான்தான் ஆர்ப்பாட்டம் பண்ணினேன்."

உச்சாணி திரும்பி அந்த மங்கலான உருவத்தைப் பார்த்தார். இத்தனை பெரிய மனசுக்கா இரண்டு வருஷம் முகம் கொடுக்காமல் இருந்தோம் என்று நெஞ்சு இளகிவிட்டது. "பொய் சொல்றாங்க" என்றார் உரக்க. "நான் விழுந்தேன். ரெண்டாவது சொட்டுலயே விழுந்தேன். காலை இவங்க மடியில வெச்சுக் காப்பாத்தினாங்க."

கட்டிலில் படுத்திருந்த மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, சிரிக்க வைக்காதீங்கப்பா, வலிக்குது" என்று கெஞ்சினாள். கெஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

குழந்தையை முதலில் சம்பந்தியம்மாவிடம் கொடுக்கச் சொன்னார் உச்சாணி. அவர் வாங்கி, நெஞ்சோடு வைத்துக்கொண்டு, துணியின் தரத்தைத் தடவிப் பார்ப்பதுபோல விரல் நுனியால் அந்தக் கன்னத்தைத் தொட்டார். பிறகு அது உச்சாணியின் கைக்கு வந்தது. நீட்டிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். இளஞ்சூடும் பால் வாசனையும் துணிக்குள் ஏதோ நெளிவதும் தெரிந்தது, முகம்தான் தெரியவில்லை.

"கவலைப்படாதீங்க" என்றாள் அங்கிருந்த பிரசவ நர்ஸ். "அவளுக்கும் உங்களைத் தெரியாது. பொறந்த குழந்தைக்கு ஒரு சாண் தூரம்தான் கொஞ்சமாவது தெரியும். மத்ததெல்லாம் கலங்கல்தான்."

"அப்போ நீயும் நானும் ஒரே கட்சிடி கண்ணு" என்றார் உச்சாணி.

யார் சொல்லியும் அவர் சாப்பிடப் போகவில்லை. கட்டிலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தொட்டிலின் விளிம்பில் கையை நீட்டி வைத்து உட்கார்ந்துவிட்டார். பகல் சாயச் சாய மருந்தின் வேகம் குறைந்தது. முதலில் முடி தெரிந்தது. கன்னங்கரேலென்று ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது. பிறகு உதட்டின் வரம்பு. காது, அதன் மடிப்பு. நகமென்று ஒன்று அந்த விரலிலும் இருந்தது, அரிசியில் பாதிகூட இல்லாமல். ஒவ்வொன்று தெரிந்ததும் திரும்பி, "சம்பந்தியம்மா, காது தெரியுது!" என்று அறிவித்தார். "எனக்குக் கால் விரல் தெரியுது!" என்று மறுபக்கத்திலிருந்து பதில் வந்தது. உச்சாணியின் மனைவி, "நாங்க காலையிலேருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம்" என்று சொன்னதை இருவரும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

சாயங்கால வெளிச்சம் ஜன்னல் வழியாகத் தொட்டில்மீது விழுந்த நேரத்தில், குழந்தை முகத்தைச் சுளித்து, ஒரு கொட்டாவி விட்டு, மெல்லக் கண்ணைத் திறந்தது. இமை மயிர்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது உச்சாணிக்கு.

"திறந்துட்டா! கண்ணைத் திறந்துட்டா!" என்று அவர் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக் குழந்தைகளெல்லாம் வரிசையாக அழ ஆரம்பித்தன. வார்டு நர்ஸ் ஓடிவந்து, உதட்டில் விரலை வைத்து அவரை முறைத்தாள்.

சம்பந்தியம்மா எழுந்து நின்று நர்ஸிடம், தன் ஆலைக் குரலிலேயே சொன்னார்:

"கத்தட்டும் விடும்மா. தாத்தாவாகி இன்னும் ஒரு நாள்கூட ஆகலை!"